துரைக்காகத் திறந்த குழாய்

பெரிய மனிதர் யாராவது பார்வையிட வந்தால் தெருவோரம் பிளீச்சிங் பவுடர் தூவி, குழாயில் தண்ணீர் விடவேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதிய விதிகள் அனைத்தும் எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகம் ஒரு குறையும் வைக்காமல் பின்பற்றியது எழுதாத இந்த ஒன்றைத்தான்.

எழுபதுகளில் ஒரு கோடை. ஏரிகள் வெடித்துக் கிடந்தன. இரு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கிணறு துளைக்கும் இயந்திரம் ஒன்று வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியிருந்தது. அதை முதலில் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய அந்நாட்டு நிபுணர் ஒருவரும் வந்திருந்தார். மயிலாப்பூரும் ராயப்பேட்டையும் ஒட்டுமிடத்தில் ஒரு தெரு. ஊரெல்லாம் தண்ணீர் கொஞ்சம் வந்தாலும் அங்கே வராது. அந்தத் தெருவுக்குத்தான் இயந்திரம் கிடைக்கவேண்டும் என்று நாங்கள் விரும்பினோம். மாநகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இளநிலைப் பொறியாளனான நான் மொழிபெயர்ப்பாளனாக உடன் போனேன்.

போனால், குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. முந்தின நாளே எங்கள் செயற்பொறியாளர் ஏற்பாடு செய்துவிட்டார். ஒழுங்காக நிர்வகிப்பவர்களுக்குத்தான் உதவி கிடைக்கும் என்பது அவர் எண்ணம். பெண்கள் குடம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நிபுணர் நீரில் கையை நனைத்துக்கொண்டு, தம்மை ஏன் இங்கே அழைத்து வந்தோம் என்று மரியாதையாகக் கேட்டார்.

இடுப்பில் குடத்தோடு நின்ற ஒரு பெண்மணி என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இந்தத் தொரை வந்தாத்தான் தண்ணி வருமா? அப்ப இவர இங்கியே குடி வெச்சுடு. சோறு நாங்க போட்டுக்கறோம்."

கூட்டம் சிரித்தது. என்ன சொல்கிறார் என்று நிபுணர் கேட்டார். செயற்பொறியாளர் என் காதருகே குனிந்தார்.

"ஜலம் பேஷா வரதுன்னு சொல்றாள்னு சொல்லும் ஓய்."

பொதுமக்கள் கருத்து முதலில், மேலதிகாரியின் குறிப்பு அதற்குக் கீழே என்பதுதான் கோப்புகளில் முறை. அதே வரிசையில் இரண்டையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நிபுணர் முதலாவதற்குச் சிரித்தார். இரண்டாவதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார். பிறகு காரில் ஏறாமல், எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். பார்வையிடும் நேரம் முடிந்ததும், அடுத்த தெருவிலிருந்த வால்வுக்காரர், செயற்பொறியாளர் முன்பே சொல்லியிருந்தபடி வால்வை மூடினார். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. செயற்பொறியாளர் வானத்தைப் பார்த்தார். நிபுணர் இரண்டாவது டீ சொன்னார்.

இயந்திரம் அந்தத் தெருவுக்கே வந்தது. முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு நல்ல தண்ணீர். ஆய்வுக்கூடம் சொல்லும்வரை யாரும் குடிக்கக்கூடாது என்று நிபுணர் கேட்டுக்கொண்டார். நானும் அதை உரத்த குரலில், திருத்தமாக மொழிபெயர்த்தேன். குடிக்கத் தகுந்தது என்ற சான்றிதழ் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது, தெருவில் அந்தத் தண்ணீரில் ஒரு கல்யாணச் சமையலே முடிந்திருந்தது. ரசம் நன்றாக இருந்தது.