மொட்டைத் தலையும் பட்டாளச் சான்றிதழும்

ஜாகா என்கிற காவல்காரன் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு: கேட்டுக்குள் நுழைகிற எல்லாரும் தாங்கள் யாரென்று என்னிடம் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும், நான் யாரென்று காட்டத்தான் என்னிடம் ஒழுங்கான காகிதம் இல்லாமல் இருந்தது.

இருந்த ஒரே காகிதம் பட்டாளம் கொடுத்தது. இளவயதில் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது கையில் திணித்த சான்றிதழ். அதில் 'ஒழுக்கம்' என்ற இடத்துக்கு எதிரே 'திருப்தி இல்லை' என்று மலாயில் அடித்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை மாற்ற நான் அலைந்த அலைச்சலைத்தான் சொல்ல வருகிறேன். கவுண்டர் முன்னால் நம்பர் சீட்டோடு காத்திருந்து, தன் நம்பர் வருகிற நேரத்தில் ஆபீசர் சாப்பிடப் போய்விட்ட அனுபவம் உள்ளவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குப் புரியும்.

கேப்டன் காரை நிறுத்தினார்

நான் காவல் இருக்கும் தாமான் குடியிருப்பு கோலசிலாங்கூரில், கம்போங் குவாந்தான் போகிற வழியில் இருக்கிறது. மின்மினி பார்க்கப் போகிறவர்கள் வழி தவறினால் எங்கள் கேட்டில் வந்துதான் கேட்பார்கள். தாமானின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற கேப்டன் ஒருவர் இருக்கிறார். மலாய்க்காரர். அவர் கார் வந்தால் என் கால்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும், கை நெற்றிக்குப் போகும். பழக்கதோஷம்.

ஒரு நாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். எந்தக் கேம்ப் என்று கேட்டார். சொன்னேன். ஏன் விட்டாய் என்று கேட்டார். இதைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. என்னவோ, அவரிடம் சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையாக நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. அவர் அசையவில்லை. மேல்முறையீடு செய்யலாம், மனுவைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அப்புறம் கியரைப் போட்டுக்கொண்டே சொன்னது: "உன் சல்யூட் இன்னும் நல்லாத்தான் இருக்கு லா. பேப்பர்தான் சரியில்ல."

கொள்ளி வைத்த கதை

அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, எஸ்டேட்டில் திடீரென்று இறந்துபோனார். அவருக்குப் பெண் மட்டும்தான், மகன் இல்லை. தம்பி மகன் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். ஓடினேன், தலையும் மீசையும் மழித்துக் கொள்ளி வைத்தேன். கொள்ளி வைத்தவன் கருமாதி முடியும்வரை தினமும் விளக்கேற்ற வேண்டும், வீட்டை விட்டு நகரக் கூடாது. கருமாதி பதினாறாம் நாள். லீவுக்கும் கருமாதிக்கும் எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒத்துவரவில்லை.

கேம்புக்குச் சொல்லியாவது விடலாம் என்றால், எங்கள் லயத்து வீடுகள் பக்கம் டெலிபோன் இருந்தது எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டில் மட்டும். அவர் மகளுக்கு அப்போதுதான் பரிசம் போட்டிருந்தார்கள். தீட்டுக்காரன் நான் அந்த வாசற்படியை மிதிக்க முடியுமா? அதனால் என் கூட்டாளி முனியாண்டியை அனுப்பினேன். சொல்லிட்டேன் என்று வந்து சொன்னான். நிம்மதியாக விளக்கேற்றினேன். கருமாதி முடிந்து கேம்புக்குப் போனால், அப்படி ஒரு போனே வரவில்லை என்றார்கள். வந்தது என்று சாதித்தேன். லீவு தாண்டி நின்றது ஒரு குற்றம், பொய் சொன்னது இன்னொரு குற்றம் என்று ஆனது.

என் வேலை போனதில் என்னைவிட அதிகமாக வெந்தவர் பெரியம்மா. இப்போது உலு யாமில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் பெரியப்பாவின் தெவசத்துக்குப் போவேன். எனக்கு இலை போட்டுப் பரிமாறுவார், தான் மட்டும் சாப்பிட மாட்டார். கேட்டால் ஒரே பதில்: "என் புருசனுக்குக் கொள்ளி வெச்சதாலதானேடா உன் உடுப்பக் கழட்டுனாங்க. எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?"

வயதாகிவிட்டது அவருக்கு. இந்த நினைப்போடு அவர் போய்விடக் கூடாது. நான் அலைந்தது அதற்காகத்தான்.

பெட்டி இல்லாத உறவு

மனுவை எடுத்துக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனேன். பட்டாளத்து ஆபீஸ் கவுண்டரில் நம் பெண் ஒருத்தி, ராவாங்கிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். சிரித்த முகம். என் கதையைப் பாதி கேட்டதுமே கண் கலங்கிவிட்டாள், ஆனால் கை கம்ப்யூட்டரில் தட்டுவதை நிறுத்தவில்லை. அதுதான் வேலை செய்கிறவளுக்கு அழகு.

இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். பெரியப்பா என்றேன். திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். அப்பா இருந்தது, அம்மா இருந்தது, மனைவி, பிள்ளை, ஏன், மாமியார்கூட இருந்தார். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு ரொம்ப வருத்தத்தோடு சொன்னாள்: "அங்கிள், சிஸ்டத்துல பெரியப்பாவுக்கு ஒரு பாக்ஸே இல்ல அங்கிள். 'மற்றவை'ல போட்டுடவா?"

சார்ஜன் பார்த்த மீசை

சாட்சி வேண்டும் என்று அந்தப் பெண்தான் சொல்லி அனுப்பினாள். என் மேல் ரிப்போர்ட் எழுதிய சார்ஜன் உயிரோடுதான் இருக்கிறார் என்பதைக் கேப்டன் விசாரித்துக் கண்டுபிடித்தார். சிகிஞ்சான் பக்கம் நெல் போடுகிறார். போகும்போது வழியெல்லாம் அவரைத் திட்டுவதற்கு வார்த்தைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். நல்ல நல்ல வார்த்தைகள். போய் நின்றால், முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் ஏறி வந்தவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றும் உபயோகப்படவில்லை.

வேறு எந்த வேலை இடமாக இருந்தாலும், நம் ஆள் மொட்டைத் தலையோடு வந்து நின்றால் வீட்டில் யார் தவறிவிட்டார் என்று கேட்பார்கள். பட்டாளத்தில் எல்லாரும் மொட்டை. யாருக்கு வித்தியாசம் தெரியும்? கொள்ளி வைப்பது, மழிப்பது, விளக்கேற்றுவது எல்லாவற்றையும் சார்ஜனுக்கு விளக்கிச் சொன்னேன். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அன்றைக்கே சாட்சிக் கடிதமும் கொடுத்தார். அந்த மனிதருக்கு நல்ல விளைச்சல் கிடைக்கட்டும். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "நீ மீசை இல்லாம வந்ததை நான் கவனிச்சேன். பயல் திருந்திட்டான்னு சந்தோஷப்பட்டேன்."

முனியாண்டி வீட்டில் இல்லை

மிச்சம் இருந்தது முனியாண்டி. கேம்புக்குப் போன் அடித்தது தான்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்யன் என்ற பட்டம் போய்விடும். சுங்கை ஆயர் தாவாரில் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறான். எஸ்டேட்டிலிருந்து போன பிறகு அவன் என் கண்ணில் பட்டதே இல்லை. என் கல்யாணத்துக்கு வரவில்லை, பிள்ளைக்குக் காது குத்தியதற்கும் வரவில்லை. பிழைப்பைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

லீவு நாளில் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். அவன் வீட்டில் இல்லை என்றார் அவன் மனைவி. லோரி வாசலில் நின்றது. அவன் செருப்பு படியில் கிடந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது. நான் ஜாகா, ஆள் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். "டேய் முனியாண்டி, தேத்தண்ணியாவது கொடுடா," என்று குரல் கொடுத்தேன். வெளியே வந்தான். என்னைவிட வயதானவனாகத் தெரிந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். நீ போன் பண்ணியதைச் சொன்னால் போதும் என்றேன்.  அவன் தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தான். கிராணி வீட்டுக்குப் போனது நிஜம். நான் கொடுத்த நம்பரைச் சுழற்றியதும் நிஜம். அந்தப் பக்கம் எடுத்தவர் பட்டாளத்துக் குரலில், யாரது என்று மலாயில் ஒரு அதட்டுப் போட்டிருக்கிறார். இவன் கை நடுங்கி வைத்துவிட்டான். மறுபடி அடிக்கலாமென்றால் கிராணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வெட்கம். வந்து என்னிடம் சொல்லிட்டேன் என்று சொல்லிவிட்டான்.

 இத்தனை வருஷமாக முகம் தெரியாத ஒரு டெலிபோன்காரரை நான் சபித்துக்கொண்டிருக்கிறேன். இவன் இங்கே என் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டிருக்கிறான். எழுந்து ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். கோபத்தில் வாருக்குள் தாடை மாட்டிக்கொண்டு வலித்தது. முனியாண்டி எழுந்து வந்து அந்த வாரைச் சரிசெய்துவிட்டான். அவன் கை அப்போதும் நடுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை; எனக்குச் சொல்லப்பட்டதை நம்பினேன். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் இவன்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தேன்.

வாசல்வரை வந்து வழியனுப்பும்போது முனியாண்டி சொன்னான்: "எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்டா. எந்தப் பெரிய ஆபீசர் துவான் முன்னாலயும் சொல்றேன். போன்ல மட்டும் சொல்லச் சொல்லாத."

கற்பூரம் இல்லாத சத்தியம்

சொன்னபடி வந்தான். கோலசிலாங்கூர் கடைத்தெருவில் சத்தியக் கடிதத்துக்கு முத்திரை குத்துகிற நம்மவர் ஒருவர் இருக்கிறார். மாடி அறை, ஏர்கோன் குளிர். முனியாண்டி வெள்ளைச் சட்டை போட்டு, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி வந்திருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

கடிதத்தைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றார் அவர். முனியாண்டி பேனாவைத் தொடவில்லை. இது பேனாவில் போகிற விஷயம் இல்லை என்றான். பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து மேசைமேல் வைத்துத் தீப்பெட்டியையும் உரசிவிட்டான். முத்திரைக்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "ஐயா, கையெழுத்து இங்க போடுங்க, கற்பூரத்தக் கீழ எறங்கிப் போயி அடிங்க. இங்க புகை வந்தா அலாரம் கத்தும், தீயணைக்கப் பொம்பா வண்டி வந்துரும்!"

இரண்டையும் செய்தான். கீழே, ஜெராக்ஸ் கடை வாசலில், கற்பூரத்தின் முன் என் பெயரைச் சொல்லி அவன் சத்தியம் செய்தபோது நான் அழுதேன்.

மூன்று பேர் உட்கார்ந்த அறை

கடைசியாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள், நடுவில் ஒரு மலாய்ப் பெண். வருந்துகிறேன், இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல், வேறு ஒன்றும் பேசாதே என்று கேப்டன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

சார்ஜன் கடிதம், முனியாண்டியின் சத்தியம் எல்லாம் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா கேட்டார், இன்றைக்கு அதே மாதிரி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று. மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் காகிதம் மாறும். ஆனால் பெரியப்பாவுக்கு விளக்கேற்றியது தப்பு என்று நானே சொன்னதாகும். அந்தக் காகிதத்தை எப்படிப் பெரியம்மாவிடம் நீட்டுவது?

"இருப்பேன் புவான்," என்றேன். "கருமாதி முடியாம வர மாட்டேன். ஆனா போன நானே அடிப்பேன். இப்ப அது பையிலயே இருக்கு, யார் வீட்டு வாசப்படியும் மிதிக்க வேண்டியதில்ல." தீட்டைப் பற்றியும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்லயும் யாராவது தவறிட்டா மூணாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள்னு கெண்டுரி விருந்து வைப்போம். ஆனா நாங்க லீவு கேட்டுட்டுப் போவோம்."

உலு யாமில் ஒரு மத்தியானம்

பதில் வந்தது. 'திருப்தி இல்லை' இருந்த இடத்தில் 'நன்று' என்று இருந்தது. கேட்டில் வைத்தே கேப்டன் அதைப் படித்தார், பிறகு காரை விட்டு இறங்கி எனக்குச் சல்யூட் வைத்தார். அன்றைக்கு எத்தனை பேர் அட்டை காட்டாமல் உள்ளே போனார்களோ தெரியாது. கேப்டனுக்கு, கவுண்டர் பெண்ணுக்கு, சார்ஜனுக்கு, என் முனியாண்டிக்கு, அந்த அம்மாவுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்தப் பெட்டியில் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

உலு யாமுக்குப் போனேன். பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு காகிதத்தை வாங்கினார். மலாய் படிக்கத் தெரியாது. எந்த இடம் என்று கேட்டார். விரலைப் பிடித்து அந்த வார்த்தையின்மேல் வைத்தேன். அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, ரெண்டு தட்டு எடுத்து வைக்கச் சொன்னார். சோற்றைப் பிசைந்து, என் எதிரே உட்கார்ந்து, முதல் வாய் வைத்தார். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

இரண்டாம் வாய்க்குக் குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு சொன்னார்: "நல்லவன்னு எழுதறதுக்கா இத்தன வருசம்? எங்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

பட்டாளம் திருத்திக் கொடுத்த அந்தச் சான்றிதழ் இப்போது பெரியம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. எனக்கு வேண்டுமானால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.