சுடலைப்புல்

ராதாபுரத்துக்குத் தெற்கே செம்மணல் மேடுகளான தேரியில் முப்பது வருஷமாக ஆடு மேய்ப்பவள் பிரம்மசக்தி. மழைக்கு முளைத்து, தை பிறப்பதற்குள் காய்ந்துபோகிற புல்லைக்கூட இன்னதென்று பிரித்துச் சொல்லிவிடுவாள். கல்லூரியிலிருந்து புல் ஆராய்ச்சிக்கு வந்த இஷ்ரத், மெலிந்த புல்தாள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள்.

"விதையைப் பாரும்மா, ஒவ்வொண்ணுக்கும் மூணு ஊசி. ஊசி முத்திட்டா ஆட்டு வாயைக் கிழிச்சிரும்" என்றாள் பிரம்மசக்தி.

"இங்கன இதுக்கு என்ன பேரும்மா?"

அங்கேதான் பிரம்மசக்திக்குச் சிக்கல் வந்தது. சுடுகாட்டு மணலில் அடர்ந்து வளர்வதால் அதற்குச் சுடலைப்புல் என்று பெயர். அவள் புருஷன் பெயரோ சுடலைமாடன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள்.

"அவுக பேருதான்" என்று பனைமரத்தடியில் நின்றவரைக் கைகாட்டினாள்.

சுடலைமாடனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏட்டி, புல்லுக்குத்தானே பேரு கேக்காவ? அந்தச் சாக்குலயாவது ஒரு மட்டம் சொல்லேன். ஒன் வாயால கேக்கணும்னு எத்தனை வருஷமாக் கெஞ்சுதேன்!" பிறகு இஷ்ரத்திடம், "நான் சொல்ல மாட்டேன் தாயி. அவகிட்டயே வாங்கிக்கிடுங்க" என்றார்.

"சும்மா கெடங்க" என்று அவள் ஆடுகளின் பின்னால் போய்விட்டாள். இஷ்ரத் சிரித்துக்கொண்டே நோட்டில் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டாள்.

அடுத்த மாதமே அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பமாவது சொல்லுட்டி" என்றார்.

"நல்லாயி வாங்க. வீட்டுல வச்சு நூறு மட்டம் சொல்லுதேன்."

வாயைக் கட்டிப் புருஷன் உயிரைக் காத்துவிடலாம் என்று நினைத்தாளே, பைத்தியக்காரி! மறுநாள் மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டோமே என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

தை மாதம் இஷ்ரத் நோட்டோடு திரும்பவும் வந்தாள். "அண்ணாச்சி எங்கம்மா?"

"போயிட்டாவ." பிரம்மசக்தி நோட்டைக் காட்டினாள். "பேரை எழுதிக்கோம்மா. இனிமே யாரு ஆயுசு குறையப்போவுது? சுடலைப்புல்லு."

தேரிக்காற்றில் இஷ்ரத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னொரு மட்டம் சொல்லுங்கம்மா."

"சுடலை..." என்றவளுக்குப் 'புல்லு' வரவில்லை. "சுடலை, சுடலை" என்று கத்திக்கொண்டே சுடுமணலில் உட்கார்ந்து அழுதாள். இஷ்ரத் பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.