கிணற்றுக்குள் கோயில் மணி

எட்டாம் வகுப்போடு நின்றுபோன பட்டாளத்துச் சமையல்காரன் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலக யுத்தத்துக்குப் போன இடத்தில், இத்தாலியில் மலைச்சரிவில் ஒரு பழைய ஊர். சந்தை கூடியிருக்கிறது, ஆனால் விலை கேட்கும் சத்தமே இல்லை. எல்லாரும் கிணற்றைப் பார்த்தபடி நிற்கிறார்கள். சண்டைக்குப் பயந்து அதற்குள் ஒளித்துவைத்த மாதா கோயில் மணி காலையிலிருந்து தானாக அடிக்கிறதாம். எனக்கும் கேட்கிறது.

இறங்கிப் பார்க்கத் துணிந்த ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டுகிறான். ஊரில் யாரும் பிடிக்க முன்வரவில்லை. எனக்கும் கை நீளவில்லை. எங்கள் புன்னைக்காயலில் முத்துக் குளிப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான்.

கூட வந்த விளாத்திகுளத்து டிரைவருக்கு அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் தெரியும்.

"இவன் பெண்டாட்டிகூடப் பொறந்தவன் யாரும் இருக்கானான்னு கேளுலே."

"இருக்கானாம் அண்ணாச்சி. அந்தா வெங்காயம் விக்கான் பாருங்க. ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாதாம்."

"பேசாண்டாம். பிடிச்சா போதும்."

டிரைவர் போய்ச் சொல்கிறான். வெங்காயக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மச்சான் முகத்தைப் பார்க்காமலே கயிற்றை வாங்கிக்கொள்கிறான்.

இறங்கியவன் உயிரோடு மேலே வந்தான். மறுநாள் ஊர் சேர்ந்து மணியையும் தூக்கியது. அதற்கு நாக்கே இல்லை.