இடதுபக்கம் ஒரு நூல்

நான் முதல்முறை வெளிநாடு கிளம்பிய அன்று காலைதான் சித்திக்கு மிச்சமிருந்த பற்களையும் பிடுங்கினார்கள். வாயில் பஞ்சோடு வாசல்வரை வந்து கையசைத்தாள்.

"நீ திரும்பி வர்றப்ப உன் சித்தி சிரிக்கிறதைப் பாரு," என்றார் சித்தப்பா.

நம்பினேன். அவருக்குத் தொழிலே பல்செட் செய்வதுதான். பல் டாக்டர்கள் ஈறின் அச்சை அனுப்புவார்கள். பின்னறையில் உட்கார்ந்து தேய்ப்பார், விளக்கில் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். "போதும் சார், குடுங்க" என்று டாக்டரின் ஆள் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவான். சித்தியின் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போக ஆள் இல்லை.

சித்தி ஒன்றாம் வகுப்பு டீச்சர். பல் வரும்வரை லீவு போட்டிருந்தாள்.

மூன்று வருடம் கழித்து வந்தபோது வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பின்னறை அலமாரியில் ஐந்தாறு பல்செட்டுகள் இளித்துக்கொண்டிருந்தன.

"இதுல எதுவுமே ஆகாதா சித்தப்பா?"

"கடிச்சா இடதுபக்கம் ஒரு நூல் அளவு தூக்குதும்மா. அதைச் சரி பண்றதுக்குள்ள ஈறு சுருங்கிடுது. திரும்ப அச்சு எடுக்க வேண்டியிருக்கு."

பல் போன ஈறு நாளாக ஆகச் சுருங்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கோபமெல்லாம் ஈறுமேல்தான்.

"தூக்கினா தூக்கட்டும், குடுங்கன்னேன்," என்றாள் சித்தி. "என் பொண்டாட்டி வாயில அரைகுறை வேலையாங்கறாரு. என் கிளாஸ் பசங்களுக்கு விழுந்த பல்லெல்லாம் முளைச்சே முடிஞ்சுது."

"சும்மா இரு. நாலு பேர் பார்ப்பாங்க."

"நான் வெளிய போனாத்தானே பார்க்க?"

லீவு தீர்ந்து வேலையும் போயிருந்தது. அவளாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையில் வெங்காயம் கிடந்ததைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

அன்று ஒரு செட்டை எடுத்து வந்து அவளைப் போடவைத்தேன். கண்ணாடி முன் நின்று, "அம்மா, ஆடு, இலை," என்று உரக்கச் சொன்னாள். பழைய டீச்சர் குரல். சித்தப்பா ஓடிவந்து வாயருகே விளக்கைப் பிடித்தார்.

"பாரு, தூக்குது."

கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மறுபடி கிளம்பிவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் போனபிறகு, ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் நிற்கும்போது சித்தப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. நிஜமாகவே அழகான பற்கள். கீழே எழுதியிருந்தார்:

"முடிச்சுட்டேன்மா. அச்சுல வெச்சா ஒரு நூல்கூடத் தூக்கல. உன் சித்திதான் போட்டுக்க மாட்டேங்கறா. இனிமே எதுக்குன்னு கேக்கறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்."