பியானோ அம்மா வாங்கிக் கொடுத்த நாற்காலி

எங்கள் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பியானோ அம்மாவைக் குறை சொன்ன வாய் கிடையாது. சொல்லவும் முடியாது. ஐம்பது வருஷம் ஊர் ஊராகப் போய் வாசித்தவர், வந்ததில் பாதியை எங்களிடம் கொண்டுவந்து கொட்டினார். மூன்றாவது மாடியில் இருக்கிற கட்டில்கள், ஆக்சிஜன் குழாய், சக்கர நாற்காலிகள் எல்லாம் அவர் கொடுத்தது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயர் இருக்கும்.

கூடவே ஒரு பியானோவும் கொடுத்தார். அங்கேதான் வினை.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அம்மா வாசிப்பார். நடக்க முடியாதவர்களைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவது என் வேலை. வார்டு பாய் என்பார்கள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, பேத்தி எடுத்துவிட்டேன். ஒருத்தர் விடாமல் வரவேண்டும் என்பது அம்மா உத்தரவு. மருந்து பாதி, இசை பாதி என்று மனசார நம்பினார். காலி இடத்தைப் பார்த்தால் அவர் முகம் சுருங்கிவிடும். அப்புறம் தலைமை நர்ஸ் என் தோலை உரித்துவிடுவார்.

வலி மாத்திரை வேலை செய்து நோயாளிகள் கண் அசருவதே அந்த மூன்று மணிக்குத்தான். ஒரு கொத்தனார் இருந்தார், மூளையில் கட்டி. சத்தம் கேட்டால் தலைக்குள் சுத்தியல் விழுகிறது, என்னை மட்டும் விட்டுவிடு அண்ணே என்று கெஞ்சினார். நான் தள்ளிக்கொண்டு போய் முதல் வரிசையில் வைத்துப் பிரேக்கைப் போட்டேன். மனுஷன் அழுதார். அம்மா எழுந்து வந்து அவர் கன்னத்தைத் தொட்டார்.

"ரெண்டாவது பாட்டு வரைக்கும் இருப்பா. எல்லாம் சரியாயிடும்."

அன்பாகத்தான் சொன்னார், கள்ளம் இல்லை. பாட்டில் உருகி அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அதையே இன்னொரு தடவை வாசித்தார்.

வேறொரு வியாழன், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மூன்றாவது பாட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அம்மா மீதியை மெதுவாக வாசித்து முடித்தார். இதைச் சொல்லிச் சொல்லி கேண்டீனில் நாங்கள் சிரித்திருக்கிறோம். பாவம்தான். ஆனால் சிரித்தோம்.

பிறகு அம்மாவுக்கே வந்தது, எலும்பில். அதே மூன்றாவது மாடி, ஏழாம் நம்பர் கட்டில். முதல் வியாழன் ஆசையாகக் கூடத்துக்கு வந்தார். அவரிடம் படித்த மாணவி வாசித்தாள்; அம்மா மாதிரியேதான், கொஞ்சம் சத்தம் கூடுதல். அடுத்த வியாழன் அம்மா வர மறுத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பியானோவின் ஒவ்வொரு கட்டையும் எலும்பில் வந்து அடிக்கிறது என்றார்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகம் அவருக்குப் பாராட்டு விழா வைத்தது. நாலு பேர் பேசுவார்கள், மாணவி வாசிப்பாள், ஷீல்டு. அன்று காலை அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால உட்கார முடியாதுப்பா. அந்த ஷீல்டை இங்கயே கொண்டாந்து குடுக்கச் சொல்லு."

போய்ச் சொன்னேன். விழா யாருக்கு, கட்டிலுக்கா என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

போர்வையைச் சுற்றி, அவர் பெயர் எழுதிய நாற்காலியிலேயே உட்காரவைத்து, முதல் வரிசைக்குத் தள்ளிப் போய்ப் பிரேக்கைப் போட்டேன். பேச்சுகளைத் தாங்கிக்கொண்டார். மாணவி ஆரம்பித்ததும் உதட்டைக் கடித்தார். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னைக் கொண்டுபோயிடு" என்றார்.

நான் குனிந்தேன்.

"ரெண்டாவது பாட்டு வரைக்கும் இருங்கம்மா. எல்லாம் சரியாயிடும்."

கொத்தனாரை நினைத்துத்தான் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் ஞாபகம் வந்ததா, தெரியாது. பிறகு கையைக் கீழே விட்டுப் பிரேக்கைத் துழாவினார். பத்துக் கட்டை அகலத்துக்கு விரிந்த விரல்கள். அந்த இரும்பை அசைக்கத் தெம்பில்லை. கடைசியில், போதும் நிறுத்து என்று மாணவியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.