முன்னே போன டிபன் கூடை

போன திங்கட்கிழமை கடலில் போய் வந்தேன். சொந்தப் போட்டில்! என் சொந்தமில்லை... நண்பர் சாரங்கபாணியின் சொந்தம்.

சாரங்கபாணி திண்டிவனத்தில் வக்கீல். இப்போதெல்லாம் கார் வைத்திருந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஆகவே, சீமைக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு துரையிடம் பாய்மரப் போட் வாங்கிவிட்டார். மரக்காணத்திலிருந்து கரையோரமாகவே புதுச்சேரி வரை உல்லாசப் பயணம். போட் ஓட்ட மரக்காணத்து மீனவர் ஏழுமலை. வேடிக்கை பார்க்க நான்.

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது. வெள்ளைப் பாண்ட், காப்டன் தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு வக்கீல் கரைக்கு வந்தபோது ஏழு இருபது. ஏழரைக்கு ராகுகாலம்! பாய் கட்டவோ இன்னும் கால்மணி ஆகும்.

இப்படி நேரம் தவறினால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? பரஸ்தானம் வைப்பார்கள். அதாவது, ஆள் இருந்துகொண்டு மூட்டையை மட்டும் நல்ல நேரத்தில் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம்.

கடற்கரையில் பக்கத்து வீட்டுக்கு எங்கே போவது? புதுச்சேரிக்குப் புறப்பட்ட ஒரு கட்டுமரத்தில் எங்கள் டிபன் கூடையை ஏற்றினார் வக்கீல். புளியோதரை, தயிர்சாதம், தண்ணீர்க் கூஜா... எல்லாம் அதில்தான்.

"சாப்பாடாச்சே ஓய்?" என்றேன்.

"பத்தே நிமிஷத்தில் பிடிச்சுடலாம். கட்டுமரம் எங்கே, நம்ம போட் எங்கே?"

பாய் தயாரானதும் ஏழுமலை வந்தார். "இப்பவே போயிடலாங்க. ஒம்போதுக்கு மேல இந்தக் கரைக்காத்து இருக்காதுங்க."

"காத்துக்கு ராகுகாலம் தெரியுமா?" என்றார் வக்கீல்.

"தெரியாதுங்க. அதான் சொல்றேன்."

கூடை கிளம்பியும் ராகுகாலத்தில் காலெடுத்து வைக்க வக்கீலுக்கு மனசில்லை; ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்குத்தான் கிளம்பினோம். அரைமணி நேரம் சுகம். பிறகு காற்று நின்றது. பாய், கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது. வக்கீல் "ஸ்டார்போர்டு! போர்ட்!" என்று கப்பல் பாஷையில் வலமும் இடமுமாக ஆர்டர் போட்டார். ஏழுமலை ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றுவிட்டுத் தன் பாட்டுக்குத் துடுப்புப் போட்டார்.

உச்சி வெயிலில் எனக்குக் கண் இருட்டியது. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

"கேப்பைக் கூழு இருக்குதுங்க. குடிக்கிறீங்களா?" என்று பானையை நகர்த்தினார் ஏழுமலை.

வலைத் தகராறு கேஸுக்காக வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்தவர் இதே ஏழுமலை. அங்கே வாசலோடு சரி, ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்ததில்லை. வக்கீல் இப்போது நாலு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. மளமளவென்று குடித்தார். நானும்தான். நாலு பக்கம் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் தீர்ந்துவிடுமே! தீர்த்தும்விட்டோம். சாயங்காலம்வரை துடுப்புப் போட்ட மனுஷருக்கு ஒரு வாய் மிச்சமில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புதுச்சேரிக் கரையில் எங்கள் கூடை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

"பார்த்தீரா ஓய், நல்ல நேரத்தில் கிளம்பியதன் மகிமையை!" என்றார் வக்கீல்.

நான் கூடையை ஏழுமலையிடம் நீட்டினேன்.

"தள்ளிப் போய்ச் சாப்பிடச் சொல்லும். நாலு பேர் பார்க்கிறாங்க" என்று என் காதில் கிசுகிசுத்தார் வக்கீல். ஏழுமலைக்கும் அது கேட்டுவிட்டது.

"சோறு வேணாங்க" என்றார் அவர். "அடுத்த வாட்டி, கூடையோட என்னையும் முன்னாடியே அனுப்பிடுங்க."

கட்டுமரத்தில் தன் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போட்டுவைக்க அவரிடம் சொல்லியிருக்கிறேன்.