வலது பக்கம் இல்லாத போர்க்கப்பல்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் மாலுமி தன் மாதிரிக் கப்பலுக்குக் கைப்பிடிக் கம்பி ஒட்டுவார். இடுக்கியின் நுனியில் முடி மாதிரி ஒரு துண்டு, மறு கையில் பசை தொட்ட ஊசி. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடாது, மின்விசிறி சுற்றக்கூடாது. கம்பி நிமிர்ந்து நின்றதும் "அப்பாடா" என்பார். அதற்கப்புறம்தான் அவர் மனைவியும் மூச்சு விடுவாள். கூடவே இருந்து அவளுக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மாலுமி என்பது தெரு வைத்த பெயர். பஸ் வளைந்து திரும்பினாலே அவருக்குத் தலை சுற்றும். படகில் கால் வைத்ததே இல்லை. தொழில், பல் செட் செய்வது. டாக்டர்கள் அனுப்பும் பிளாஸ்டர் தாடைகள் மேசை நிறைய வாயைப் பிளந்து கிடக்கும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கப்பலோடு இருப்பார்.

கப்பல் கட்டிலைவிட நீளம். எந்தக் காலத்திலோ சண்டையில் மூழ்கிய ஒரு போர்க்கப்பலின் மாதிரி. சின்னப் பீரங்கிகள் எல்லாம் ஊசி மருந்துக் குழாய்கள். ஏணிகள், பல்லுக்குக் கிளிப் போடும் கம்பி. மேல்தளம், மனைவி துணி வைத்திருந்த அலமாரி. "கொஞ்சம் பலகைதான் எடுத்தேன்" என்றார். அலமாரியில் பூட்டு மட்டும் மிச்சமிருந்தது.

இடது பக்கம் பார்த்தால் அசந்துபோவீர்கள். வலது பக்கம் மொட்டை. அகப்பட்ட ஒரே புகைப்படத்தில் கப்பல் இடது பக்கத்தைத்தான் காட்டிக்கொண்டு நின்றது.

"அந்தப் பக்கம் சுவரைத்தானே பாத்துட்டிருக்கு. எதையாவது ஒட்டி முடிங்களேன்" என்பாள் மனைவி.

"தப்பா ஒட்டிட்டா?"

"தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கே தெரியாதே! அதான் பிரச்சனை."

இதற்கு நடுவில் ஒரு வக்கீல் பல்லுக்காக நடையாய் நடந்துகொண்டிருந்தார். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் போய்விட்ட மனிதர். "அடுத்த வாரம் எனக்குக் கேஃப் இருக்கு, ஃபார்! ஜட்ஜ் முன்னாடி காத்துதான் வருது!" என்று கத்துவார். "ஆச்சு, மெருகு போடறதுதான் பாக்கி" என்பார் மாலுமி, பீரங்கிக்கு மெருகு போட்டபடி. கடைசியில் வக்கீல் பொறுமையிழந்து, பல் கைக்கு வரும்வரை நகர்வதில்லை என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கென்று மனைவியின் தம்பி, மச்சான் வந்தான். மெத்தைக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. "ஏன் மாமா, இது மிதக்குமா, இல்ல உங்கள மாதிரி தண்ணியப் பாத்தா மயங்கிடுமா?"

மாலுமிக்குச் சுருக்கென்றது. இடுக்கியைக் கீழே வைத்தார். "வண்டிய எடு."

மெத்தைகளுக்கு நடுவே கப்பலைப் படுக்க வைத்து ஏரிக்குப் புறப்பட்டார்கள். மனைவி கப்பலைப் பிடித்துக்கொண்டாள். வழியில் டாக்டரிடம் கொடுக்கவேண்டிய தாடைப் பை அவள் மடியில். வக்கீலும் ஏறிக்கொண்டார். "இந்த ஆளைக் கண்ணைவிட்டு அகலவிடமாட்டேன்."

முழங்கால் ஆழத்தில் மச்சான் இறக்கிவிட்டதும் கப்பல் இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது. பாரமெல்லாம் அந்தப் பக்கம்தானே. பீரங்கிகள் தண்ணீரை முகர்ந்தன. மச்சான் சிரித்தான். மாலுமியின் முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டான்.

மனைவி வண்டியிலிருந்து தாடைப் பையை எடுத்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள், தண்ணீரில் இறங்கினாள், மேல்தளத்தை மூடி மாதிரித் தூக்கினாள். பையிலிருந்த தாடைகளை ஒவ்வொன்றாக வலது பக்கத்து வயிற்றில் அடுக்கினாள்.

"அம்மா, அது என் தாடை!" என்று கரையில் வக்கீல் குதித்தார்.

"உங்களுது கனமாத்தான் இருக்கு சார். அதான் நடுவுல வெச்சிருக்கேன்."

கப்பல் மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து, காற்றுக்குத் தானாகவே திரும்பி, மொட்டைப் பக்கத்தை ஊருக்கே காட்டியது. ஏரிக்கரையில் நடக்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். மாலுமி கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். "பாக்காதீங்க, அந்தப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு ஆதாரமே இல்ல."

வக்கீல் குதிப்பதை நிறுத்தினார். "ஆதாரம் இல்லியா? எதிர்த்தரப்புக்கு?"

"யாருக்குமே இல்ல."

"அப்ப நீர் என்ன ஒட்டினாலும் எவன்யா ஆட்ஃபேபம் ஃபொல்றது?"

மாலுமி விரலிடுக்கு வழியாக அவரைப் பார்த்தார். கையை இறக்கினார். அப்புறம் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மொட்டைப் பக்கத்தில் எங்கே எதை ஒட்டலாம் என்று கப்பலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் ஊர்ந்தார். இன்னும் கொஞ்சம். ஏரிக்குள்ளேயே போய்விடாமல் மனைவி வந்து அவர் கால்கள்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.